குகையைப் பூட்டும் முறை

ஒரு மணிக்குள் முடித்துவிட்டால் நல்லது, ஐயா. வீட்டில் மத்தியானச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது. சாவிக்கொத்தை நீங்கள் மேஜைமேல் வைத்திருப்பது சரிதான். அதில் பெரிய சாவிகள் இரண்டும் குகையுடையவை. சின்னதைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கும் வருகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என்னைத் தப்பாக நினைக்க இடமுண்டு. ரயில் நின்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனபின், அந்தப் பாதையில் ஜல்லி மட்டும்தான் மிச்சம். இருபக்கமும் காடு. பிறகு அகல டயர் சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல தார்ச்சாலை இருக்க, எலும்பு குலுங்க ஜல்லியில் ஓட்டத்தான் அவர்களுக்கு ஆசை. ஆளுக்கொரு கிறுக்கு. பாதி வழியில், ரயிலுக்காக மலையைக் குடைந்த குகை. தொள்ளாயிரம் மீட்டர் நீளம், நடுவில் வளைவு. ஒரு வாயில் நின்றால் மறுவாய் தெரியாது. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் தொங்கித் தூங்கும். தூக்கத்தைக் கலைத்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்து செத்துப்போகும். அதனால் ஐந்து மாதம் குகையைப் பூட்டிவைக்க வேண்டும். பதினெட்டு வருடமாகப் பூட்டுகிறவன் நான்.

பூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கிழக்குக் கதவைப் பூட்ட வேண்டும். பிறகு விளக்கோடு உள்ளேயே நடந்து மேற்கு வாய்க்கு வர வேண்டும். அங்கே நின்று மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நூறு எண்ண வேண்டும். அப்புறம்தான் பூட்டு. கதவு முழு இரும்புத் தகடு. வௌவால் போய்வர மேலே ஒரு கை உயரத்துக்கு இடைவெளி. பூட்டியதும் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, நேரம், அழைத்தது எத்தனை முறை, பதில், கையெழுத்து. பதில் என்ற கட்டத்தில் பதினேழு வருடம் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரி வந்து அடியில் கையெழுத்துப் போடுவார். படித்துப் போடுவதில்லை. அவரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

பழைய ஸ்டேஷன் கட்டடத்தில்தான் நானும் மகளும் குடியிருந்தோம். அவளுடைய அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள். டிக்கெட் கொடுக்கும் அறையில் அவள் சைக்கிள் பழுதுபார்த்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் வெளியில் போக வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சைக்கிள்கள்தான் அவளைத் தேடி வந்தனவே.

அப்படித் தேடி வந்தவன்தான் வழிக்காரன். எங்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். காட்டுப் பாதையையும் ரயில் பாதையையும் கோத்து வழி வரைந்து கொடுப்பான். மற்றவர்கள் அதைக் கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில் போட்டுக்கொண்டு, கோடு போகிற பக்கமெல்லாம் போவார்கள். ஒரே ஒரு பஞ்சருக்காக வந்தவன், பிறகு வாரத்துக்கு மூன்று பஞ்சரோடு வந்தான். எந்த டயரும் அப்படிப் பஞ்சராகாது என்று எனக்குத் தெரியாதா? கெட்டவன் இல்லை. வாய் நிறைய மாமா என்பான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

குகை பூட்டுவதற்கு முந்தின நாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அப்பா, நாளன்னிக்கு நாங்க கிளம்பறோம்,” என்றாள். “பாதையோட அந்தக் கடைசியில ஒரு கடை பாத்திருக்கோம்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கெல்லாம் இல்லப்பா. அங்கேயேதான்.”

“நீங்களும் வந்துடுங்களேன் மாமா,” என்றான் அவன்.

“நான் வந்துட்டா குகைய யாரு பூட்டறது?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “குகைய பூட்ட யாராவது கிடைப்பாங்க. எனக்குத்தான் இங்க மூச்சு முட்டுதுப்பா.”

எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அந்த வீட்டில் நான் ஒருவனாக, வௌவாலுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். கை கழுவிவிட்டு, சரி, உங்கள் இஷ்டம் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மாலை நாலரைக்குக் கிழக்குக் கதவைப் பூட்டினேன். வழக்கம்போல் உள்ளே நடந்தேன். வளைவில் வெளிச்சம் தெரிந்தது. வழிக்காரன் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டியூப் மாற்றிக்கொண்டிருந்தான். புது வழிக்காகக் குகையை அளக்க வந்தானாம். இந்தத் தடவை நிஜமாகவே பஞ்சர். அவனுக்கே சிரிப்பு. நான் விளக்கைப் பிடித்தேன். டயரின் உள்பக்கம் விரலால் தடவி, குத்தியிருந்த ஜல்லித் துணுக்கை எடுத்துக் காட்டினான். அவள் கற்றுக்கொடுத்தது.

“அஞ்சே நிமிஷம் மாமா. நீங்க போயிட்டே இருங்க, வந்துடறேன்.”

மேற்கு வாய்க்கு வந்தேன். முறைப்படி கூப்பிட்டேன். நூறு எண்ணினேன். மறுபடி கூப்பிட்டேன். நூறு எண்ணினேன். இதில் ஒன்றுகூட நான் குறைக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, “இதோ வந்துட்டேன் மாமா” என்று பதில் வந்தது. பூட்டினேன்.

வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பதில் என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆணியில் மாட்டினேன்.

தேட வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஐயா. உங்கள் ஆட்களும் பார்த்தார்கள். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள், நிரம்பியிருந்தன. குகையைத் திறந்து பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். மூன்று முறை அழைத்துத்தான் பூட்டினேன், திறந்தால் வௌவால் சாகும் என்றேன். இரண்டும் உண்மை. பதினெட்டு வருடமாகப் பூட்டுகிறவர், அவருக்குத் தெரியாதா என்று மேலதிகாரியே சொன்னார். பிறகு எல்லாரும் ஆற்றுப் பக்கம் தேடப் போனோம். நானும்தான் போனேன், முழங்கால் தண்ணீரில் நின்று நானும் கூப்பிட்டேன். அந்த ஒரு சொல்லைப் படித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை.

மகள் மட்டும் நம்பவில்லை. அவள் அறை ஜன்னல் குகைப் பக்கம் பார்த்தது. “சத்தம் கேக்குதுப்பா. அவரு குரல்தான். சாவியக் குடுங்க,” என்றாள். காற்று என்றேன். கல்லை எடுத்துக்கொண்டு கதவை உடைக்கக் கிளம்பினாள். அந்த நிலையில் ஒரு பெண்ணை வெளியில் விட எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? அறையில் இருக்கச் சொன்னேன். ஜன்னலுக்குத் தகடு அடித்தேன். நான்காம் நாளோடு காற்றும் நின்றுவிட்டது. கேட்டவர்களிடம், சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இடிந்து போயிருப்பாள் பாவம், இடம் மாறினால் நல்லது என்றார்கள்.

இன்று திறக்கும் தேதி. ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. காலை ஏழு மணிக்கு மேற்குக் கதவைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான், டயரில் காற்று சரியாக இருந்தது. வௌவால்கள் எல்லாம் நலம். உள்ளே எது கிடந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் நேராக இங்கே வந்தேன். நீங்கள் என்னைத் தேடிப் பிடிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மணி பன்னிரண்டே முக்கால். என்னை அனுப்பமாட்டீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால் அந்தச் சின்னச் சாவியோடு யாரையாவது அனுப்புங்கள். டிக்கெட் அறையைத் தாண்டி இரண்டாவது கதவு. அடியில் ஒரு கை உயரத்துக்கு அறுத்துவிட்டிருக்கிறேன், தட்டு நுழையும். நேற்றைய தட்டும் முந்தாநாள் தட்டும் தொடாமல் அங்கேயே இருக்கும், எடுத்துவிடச் சொல்லுங்கள். திடுதிப்பென்று திறந்தால் பயந்துவிடுவாள்; மூன்று முறை கூப்பிட்டு, நூறு எண்ணிவிட்டுத் திறக்கட்டும். பதில் வராது. இரண்டு நாளாக என்னிடமும் பேசுவதில்லை, கோபம்தான், வேறொன்றுமில்லை.