பானட் சூட்டில் பிழைத்த உயிர்கள்

களமருதூர் ஈன்ற கண்மணியே! கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குக் காவல் நின்ற கருணையே! சொன்னால் கேட்காத பிடிவாதத்தின் பெருந்தகையே! கள்ளக்குறிச்சி உயிர் உர நிலையத்தின் முதுநிலை ஆய்வாளர் ராணியம்மாள் அவர்களே!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் "வேல கெடக்குது, போங்க" என்று விரட்டுவீர்கள். ஆகவே உங்களை விட்டுவிட்டு அவையைப் பார்த்தே சொல்லப் போகிறோம். சற்றே பொறுத்தருள்க!

அவையோரே! வேரை ஒட்டி வாழ்ந்து பயிருக்குத் தழைச்சத்து ஊட்டும் நுண்ணுயிரை வளர்த்து, கரித்தூளில் கலந்து, பொட்டலம் கட்டித் தருவது எங்கள் பணி. சமவெளியில் சாதித்த அந்தப் பொட்டலம், கல்வராயன் மலையில் மட்டும் எங்கள் காலை வாரியது. வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளி போடும் செல்லியம்மாள் ஒருநாள் நிலையத்துக்கே இறங்கி வந்து, ராணியம்மாளின் மேசைமேல் பொட்டலத்தைப் போட்டார்.

"இன்னாம்மா இது? ரெண்டு வெள்ளாமையா போட்டுக்கினு கீறேன், ஒண்ணும் வெளங்கல. இத்த நம்பி யூரியாகூட வாங்காம வுட்டுட்டேன். இனிமே மலைக்கு அனுப்பாதீங்க!"

மலையில் மற்றவர்கள் செல்லியம்மாளைப் பார்த்தே பயிர் வைப்பவர்கள்; அவர் கைவிட்டால் மலையே கைவிடும் என்பது ராணியம்மாளுக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்துச் சோதித்தார். உள்ளே உயிரே இல்லை. அவர் முகம் வெட்கத்தில் வெந்ததை நாங்கள் பார்த்தோம்.

அடுத்த சுமையோடு அவரே பஸ் ஏறினார். மலைக்குப் போகும் சாமான் எதுவானாலும், டிரைவர் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கும் பானட் மேல்தான் ஏறும். கோழிக்கூடையும் கல்யாணப் பத்திரிகைக் கட்டும் எங்கள் பொட்டலமும் அங்கே ஒன்றாய் வெந்தன. வேறு இடம் கேட்டதற்கு டிரைவர் வேடியப்பன் சிரித்தார். "எங்க வெக்கறதுங்க? ஆளு நிக்கவே எடமில்ல. பானட்ட வுட்டா என் மடிதான்!"

பஸ்ஸும் மாறாது, பாதையும் மாறாது, பொட்டலத்தையே மாற்றுவேன் என்று புறப்பட்டார் அம்மையார். மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசைக்குள் உயிரை வைத்தார், பூஞ்சணம் பூத்தது. கொத்தவரைப் பிசினில் வைத்தார், கல்லாய் இறுகியது. "விட்டுவிடுங்கள் அம்மா" என்றவர்கள் நாங்கள்தான். இன்று கைதட்டுபவர்களும் நாங்களே! கடைசியில் கடற்பாசிப் பசையோடு மரவள்ளி மாவும் நுண்ணுயிரும் கலந்து, சுண்ணாம்புச் சத்து கரைத்த நீரில் சொட்டுச் சொட்டாய் விட, ஒவ்வொரு சொட்டும் உருண்டையாய்த் திரண்டது. அது ஜவ்வரிசிபோல் நிழலில் உலர்ந்ததைக் கண்டு, பாயசத்துக்கு முந்திரி உண்டா என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

அதே பஸ்ஸில், அதே பானட்டின் மேல், தம் கையாலேயே அவற்றை வைத்து மலையேறினார். திரும்பக் கொண்டுவந்த ஒரு பிடியை ஆய்வுத் தட்டில் வளர்த்தபோது தட்டு நிறைய உயிர்! அவர் அழுதார். நாங்களும் அழுதோம்.

செல்லியம்மாளோ மசியவில்லை. "கொல்லைல காட்டு, அப்புறம் பேசு" என்றார். அவர் நிலத்தில் மன்றாடி வாங்கிய ஒரு ஓரத்தில் மரவள்ளிக் குச்சிக் கரணையோடு உருண்டையும் இட்டு, மழையென்றும் பாராமல் போய்ப் போய்ப் பார்த்தார் ராணியம்மாள். பிடுங்கிய அன்று அந்த ஓரத்துக் கிழங்குதான் பருத்திருந்தது. செல்லியம்மாள் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "மீதிக் கொல்லைக்கு எப்ப தருவ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா! இனி உங்களைப் பார்த்தே சொல்கிறோம். நீங்கள் பணி ஓய்வு பெற்றுப் போனபின், பழையபடி பொடியே போதும், செலவு கம்மி என்ற குரல் எழும். எழட்டும்! உயிர் உண்டா என்று பார்க்காமல் ஒரு பிடி உருண்டையும் இங்கிருந்து மலையேறாது. இது உங்கள் முன் நாங்கள் தரும் வாக்கு.

நோய் அண்டாமல், நெஞ்சு தளராமல், பேரப்பிள்ளைகளையும் இதே பிடிவாதத்தோடு வளர்த்து நெடிது வாழுங்கள்! சட்டம் போட்ட இம்மடலை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். என்றைக்காவது எங்கள் உருண்டை செத்துப்போய் வந்து சேர்ந்ததாகச் செல்லியம்மாள் சொன்னால், அன்றைக்கே கழற்றி எங்களுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பிடிவாதத்தின் வாரிசுகள்,
உயிர் உர நிலையப் பணியாளர்கள்,
கள்ளக்குறிச்சி.