மாடத்தியைத் திட்டித் தீர்த்த தெரு

மாட்டுங்கா தந்த மாண்பாளர், சுருக்கெழுத்தில் சூரர், இந்த அவைக்குத் தலைமையேற்ற வேங்கடசுப்ரமணியன் ஐயா அவர்களே! தாராவித் தமிழ்ப் பெரியவர்களே! தோல்கிடங்கில் வேலை முடித்து முகம் கழுவி ஓடி வந்திருக்கும் கரீம் பாட்சா பாய் அவர்களே! முலுண்டிலிருந்து ரயிலில் தொங்கி வந்த தம்பிமார்களே! முன்வரிசையைப் பிடித்தபின் எழுந்திருக்க மறுக்கும் என் தாய்மார்களே! ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்தவள் வணங்குகிறேன்.

என் பேரன் தங்கபாண்டி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அடுத்தவன் வேலுச்சாமி கபடியில் கோப்பை வாங்கியவன். மெட்ரிக் தேர்வின்மீது இன்னும் படையெடுத்துக்கொண்டிருக்கிறான். கடைக்குட்டி மாடத்தியோ, கணக்குப் புலி மாடத்தியோ, அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்டாள்!

என்ன ஆறுமுகத்தாய், வாயைப் பொத்துகிறாய்? பேர் சொல்லிப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்கிறாயா? பொறு தாயே, அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அங்கே மனுப் போடுகிறார்கள். அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஒதுக்குவதோ ஒரு கைப்பிடி இடம். மதிப்பெண் எல்லோரிடமும் உண்டே! ஆள் எப்படி என்று அறிய, முன்பு அங்கே படித்துப் பம்பாயில் குடியிருக்கும் ஓர் அமெரிக்க அம்மையாரை நம் தெருவுக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்க்க வந்தவர் நம் தலைவர்.

இந்தப் பெண் எப்படி என்று அம்மையார் கேட்டார். பெற்ற தாய், என் மருமகள் சீனியம்மாள், என்ன சொன்னாள்?

“அவளா? சோத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பா.”

ஆறுமுகத்தாய் விட்டாளா?

“மூதி, ஒண்ணுக்கும் ஆவாது.”

கரீம் பாய் தம் பங்குக்கு, அதுக்குக் கூட்டல் கழித்தலே தகராறு என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நம் குலக்கொழுந்தை நாலு பேர் முன்னால் நாம் வேறு எப்படிப் பேசுவோம்? ஆனால் தலைவர் ஐயாவுக்கு அலுவலகப் பழக்கம்! சொன்னதைச் சொன்னபடியே, சொல் பிசகாமல், ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டார்.

அம்மையார் முகம் வாடியது. அப்படியானால் இங்கே கெட்டிக்காரப் பிள்ளை யார் என்றார். தெருவே ஒரே குரலில் வேலுச்சாமியைக் காட்டியது. சிங்கம் என்றார்கள், தங்கம் என்றார்கள். என்ன படித்தான் என்று கேட்டார். மூன்று முறை தோற்றான் என்றார்கள்.

சிரிக்கிறீர்கள்! அன்று சிரிக்க முடியவில்லை. அம்மையார் பேனாவை மூடி எழுந்துவிட்டார். மாடத்தி தலை குனிந்து நின்றாள். கைக்கு எட்டிய கல்வி வாசற்படி தாண்டிப் போகிறதே என்று அவள் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் நம் தலைவர், பிறர் சொல்லையே எழுதிப் பழகியவர், தம் சொந்தச் சொல்லைச் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் பிறகு தமிழில் சொன்னார்:

“நான் சொன்ன வார்த்தையெல்லாம் சரி, அர்த்தந்தான் தலைகீழ். தோத்தவனைத் தூக்கி நிறுத்தத்தான் இவா புகழுவா. ஒசந்தவளைக் கண்ணு படாம ஒளிச்சு வெப்பா. இந்தப் பொண்ணைத் திட்டின மாதிரி வேற யாரையும் திட்டி நான் கேட்டதில்லே.”

அம்மையார் உட்கார்ந்தார். அதன்பின் மாடத்தியும் அவரும் கணக்குப் பேசிய பேச்சில் எங்கள் தேநீர் ஆறி ஆடை கட்டியது. இதோ, இடம் கிடைத்துவிட்டது!

தாய்மார்களே! ஒளித்து வைத்த பிள்ளையை ஊர் எப்படிக் காணும்? கடல் கடந்த ஊர் எப்படிக் காணும்? நம் வாயே நம் பிள்ளைக்கு வாசலடைக்கலாமா? நாளை இன்னொரு பிள்ளையை யாராவது கேட்டு வந்தால் நிமிர்ந்து சொல்லுங்கள்: கெட்டிக்காரி! கெட்டிக்காரன்! எங்கள் பிள்ளை!

கேட்ட செவிகளுக்கும், தட்டிய கைகளுக்கும், நேரமாகிவிட்டது என்று சைகை காட்டும் செயலாளருக்கும் என் நன்றி, வணக்கம். மாடத்தி, நீ போனதும் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கன்னத்தில் மைப்பொட்டு வேண்டாம். முகம் முழுசாகத் தெரியட்டும்.