சக்கைப்போடு என்றால் இதுதான்

ஆம்பூர் போகும் ரயிலில் நல்ல கூட்டம். ஆனாலும் என் எதிர்ப் பலகையில் தோல் கிடங்கு வேலைக்காரர்கள் இருவருக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. இருவரில் இளையவர், முதல் நாள் வேலூரில் டாக்கிப் படம் பார்த்தவர், உட்காரவே முடியாமல் துள்ளினார்.

"படம் சக்கைப்போடு போடுது பாய்! ஒருத்தனும் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தலை!"

"ரெண்டுத்துக்கும் இன்னாப்பா சம்மந்தம்?"

"சுமாரான படம்னா, நான் உக்காந்ததும் பக்கத்துல இருக்கறவன் எழுந்து போய்டுவான். நல்ல படம்னா கொஞ்சம் நகர்ந்துக்குவான். நேத்து ஒரு ஜரிகை வேட்டிக்காரரு, எழுந்தா இடம் போய்டும்னு, கடைசி வரைக்கும் என் தோள்லயே சாஞ்சிக்கினு பார்த்தாரு! அதான் சக்கைப்போடு!"

பாய் காலியான பலகையை ஒருமுறை பார்த்தார்.

"நாளைக்கு நானும் வர்றேன். குளிக்காமயே வர்றேன்!"