நெமிலிச்சேரியை எழுப்பிய விசில்

தலையில் முடி குறைந்தாலும் தன்மானம் குறையாத, இந்தப் படத்திறப்பு விழாவின் தலைவர், குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஐயா பக்தவத்சலம் அவர்களே, முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு, அரட்டையை மட்டும் அணைக்காமல் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அன்றாடம் ரயிலேறும் உழைப்பாளித் தோழர்களே! உங்களில் ஒருவனான ஜானகிராமன் கரம் குவித்து வணங்குகிறேன்.

அழுவதற்கா கூடியிருக்கிறோம்? எண்பதைத் தாண்டி, எல்லாப் பேரப் பிள்ளைகளின் திருமணத்தையும் பார்த்துவிட்டுப் போனவருக்கு அழுகை எதற்கு? பறை முழங்க, பட்டாசு வெடிக்க அல்லவா அவரை வழியனுப்பினோம்? ஆகவே சிரித்தபடியே கேளுங்கள்.

யார் இந்த ஹவில்தார் துலுக்கானம்? பர்மாக் காட்டிலே பாய்ந்து வந்த குண்டுக்குப் பயப்படாதவர். காஷ்மீரத்திலே கால் விறைத்தபோதும் கலங்காதவர். அப்படிப்பட்டவர் அஞ்சியது ஒரே ஒருவருக்கு. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அந்த ஒருவர் இதோ, இந்தப் பந்தலுக்கு நேர் எதிரே, தம் வீட்டு நிலைப்படிக்கு உள்ளே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி வேம்புலியம்மாள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "சண்டையில எத்தினி பேரைச் சுட்டே நைனா?" பெரியவர் சொன்னார்: "சுட்டது கம்மிப்பா. தோள்ல தூக்கிகினு வந்ததுதான் ஜாஸ்தி." அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளை விசிலை எடுத்துக் காட்டினார். "கொட்டுற மழை. காட்ல ஆளுக்கு ஒரு பக்கமா பூட்டாங்க. இத்த ஊதிகினே நின்னேன். ஒவ்வொருத்தனா வந்து சேந்தான். ஒருத்தனைக்கூட உட்டுட்டு வரக் கூடாது, அவ்ளோதான்."

அந்த விசில்தானே நம் தெருவுக்கு வந்தது? முதல் ஷிப்டுக்குத் தாமதமாக வந்தவனை ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்தார் பெரியவர். மறுநாள் விடியுமுன்னே காக்கிக் கோட்டு, காதை மூடும் குல்லா, வாயிலே விசில். மழையா, மார்கழியா, மாரியம்மன் திருவிழா அலுப்பா, எதற்காகவும் அது ஓயவில்லை. என்ன தசரதா? "நீ அதுக்கும் ஏந்திரிச்சதில்ல" என்கிறாயா? உண்மைதான். எனக்கு மட்டும் ஜன்னல் ஓரம் நின்று தனியாக ஊதுவார்.

நம் தெருவில் எந்த வீட்டிலாவது அலாரம் கடிகாரம் உண்டா? கிடையாது. அதனால்தான் அவர் மறைந்த அன்று நெமிலிச்சேரி நிலையத்தில் நம் பெட்டி காலியாகப் போனது. தெருவே தூங்கிவிட்டது. வெயில் முகத்தில் அடித்த பிறகு விழித்து, வண்டியை விட்ட கோபத்தோடு, "ஏன் ஊதலை?" என்று கேட்க இந்த வாசலுக்கு ஓடி வந்தோமே, நினைவிருக்கிறதா? வந்து பார்த்தோம். பெரியவரின் உடலருகே வேம்புலியம்மாள் அமர்ந்திருந்தார்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த விசிலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் படத்துக்குக் கீழே மாட்டத் தலைவர் விரும்பினார். பெட்டி தயார், ஆணி தயார், அதைப் புகழ்ந்து என் பேச்சும் தயார். விசிலை வாங்கிவர இன்று மதியம் என்னை அனுப்பினார்கள். வேம்புலியம்மாள் கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்குப் பொட்டி? அதும் தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கோ" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன மார்கழிலேர்ந்து அவருக்கு ஊதுறதுக்கு மூச்சு ஏது நைனா? நான்தான் அவரு கோட்டையும் குல்லாவையும் மாட்டிகினு ஊதிகினு கீறேன்."

கேட்டீர்களா? ஓராண்டாக நம்மை எழுப்பியது பட்டாளத்தார் அல்ல, பட்டாளத்தாரின் துணைவியார். கணவர் உடலருகே அமர்ந்த அன்றுதான் விசில் நின்றது.

"அப்புறம் ஏம்மா மறுபடி ஊதலை?" என்றேன். "தாலியை எடுத்துட்டாங்களே. வேலைக்குப் போறவங்க எதுர்ல நான் வந்தா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எனக்கு ஊதணும்னுதான் கீது. நீயே அந்த நாலு பேராண்ட கேட்டுச் சொல்லு."

கேட்கிறேன். யார் அந்த நாலு பேர்? இந்தப் பந்தலில் இருக்கிறார்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள். ராஜசேகரா, தற்காலிகத் தொழிலாளியாக இருந்தாய். ஒருநாள் தாமதம் என்றாலும் வேலை போயிருக்கும். பொங்கல் கழித்து நிரந்தரம் ஆனாயே, உன்னைத் தினம் எழுப்பியது எந்த மூச்சு? நேற்றுவரை நம்மை வாழவைத்த மூச்சு, இன்று சகுனத் தடை ஆகிவிடுமா? தாய் எதிரே வந்தால் தடையா, தைரியமா? தோழனைக் காட்டில் விட்டுவிட்டு வராதவரின் மனைவியை, இருட்டு அறையிலே நாம் விட்டுவிடலாமா?

ஒரு கையும் எழவில்லை. என்ன தலைவரே, நீங்கள் மட்டும் எழுகிறீர்கள்? ஓ, படத்தைத் திறக்க வேண்டிய கத்தரிக்கோலை அம்மாவிடம் கொடுக்கவா? கொடுங்கள், கொடுங்கள். ராஜசேகரனின் தாயாரே கைபிடித்து அழைத்து வருகிறார். வாங்கம்மா, நிலைப்படியைத் தாண்டி வாங்க. நாலு பேரைத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை.

நாடாவை வெட்டிவிட்டார். படத்திலே பெரியவர் சிரிக்கிறார். மடியிலிருந்து எதையோ எடுக்கிறார் அம்மா. பொறுங்கள், கைதட்டாதீர்கள், கேளுங்கள்.

கேட்டதா? அடடா, ஊதியதும் தெருவே எழுந்து நிற்கிறதே. என்னைக் கேலி செய்த தசரதன்கூட எழுந்துவிட்டான். இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? தலைவரே, அந்தக் கண்ணாடிப் பெட்டியிலே என் பேச்சை வைத்து மாட்டிவிடுங்கள்.

செவி தந்த உங்களுக்கெல்லாம் சிரம் தாழ்ந்த நன்றி. எல்லோரும் சீக்கிரம் போய்ப் படுங்கள். நாளைக் காலை, முதல் வண்டியில், வணக்கம்.