வாரத்துக்கு எத்தனை டின்

"ஹலோ… ஆமா, மெடிக்கல்தான்… யாரு?… டேய், நீயா? கடை நம்பருக்கு ஏன்டா போடறே, என் செல்லுக்கு என்ன வந்தது?… ம்… ம்… சரி, சொல்லு."

மருந்தக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணி. கடையில் ஆள் வராத நேரம் அது ஒன்றுதான். காலாவதியான மாத்திரை அட்டைகளைப் பிரித்தெடுக்கிற வேலையை அதற்கென்றே வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அதே கவுன்டர். தெருவே அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிடும். தம்பி இருப்பது ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில், லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில். ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிய கையோடு கூப்பிடுவான். இன்று செவ்வாய்.

"எது?… டூனாவா?… டின்ல வருமே, அந்தச் சூரை மீனா?… வாரத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம்னா, யாரு சாப்பிட?… நீயா."

அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தாலே சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நிற்பவன் இவன்.

"ஓ… ஜிம்முக்குப் போறியா. எப்பலேர்ந்து?… தினம் பத்து மாடி ஏறி இறங்கற உடம்புக்கு ஜிம் வேறயா?… சரி சரி, கோவிச்சுக்காதே. கேட்டா சொல்லிட்டுப் போறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை, மிஞ்சினா மூணு. அதுக்கு மேல வேணாம்… ஏன்னா, பெரிய மீனு சின்ன மீனைத் தின்னு தின்னு அதோட சதையில பாதரசம் சேர்ந்துபோகும்… ஆமா, பழைய தெர்மாமீட்டர்ல இருக்குமே, அந்தச் சாமான்தான். கொஞ்சமா உள்ள போனா உடம்பு மெதுவா வெளியேத்திடும். தினம் தின்னா வெளிய போறதைவிட உள்ள வர்றது ஜாஸ்தியாயிடும்… ஆமா… ஆமா… என்ன கேட்டே? பொம்பளைங்களுக்கா?"

பன்னிரண்டு வருஷக் கவுன்டர் அவளுக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. மருந்து கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வியை நம்பக் கூடாது. அது சும்மா கதவைத் தட்டிப் பார்ப்பது. வந்த காரியம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கும். 'என் ஃப்ரெண்டுக்கு' என்று ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம்.

"ஜிம்முல பொம்பளைங்களும் டூனா சாப்பிடறாங்களா?… ஓ, கூட வேலை செய்யறவரோட சம்சாரமா. ஏன், அவருக்கு வாய் இல்லையா? உங்க ஊர்ல மெடிக்கல் இல்லையா?… சரிப்பா, நான் ஒண்ணும் சொல்லலை. அந்தம்மாவுக்கு என்ன வயசு?… முப்பத்தஞ்சு முடிஞ்சு முப்பத்தாறு நடக்குது. பரவாயில்லையே. அடுத்தவன் பொண்டாட்டி வயசை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கியே. என் வயசு சொல்லு பார்ப்போம்… தெரியாதுல்ல."

மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் செத்துப்போனது. பின்னால் ஒரு குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த நேரத்துக்கு அவன் ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றுக் கிரீஸ் படிந்த கையோடு நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"நீ எங்க இருக்கே இப்ப?… வீட்டுலயா? லீவா?… உடம்பு சரியில்லைன்னா உன் குரல்ல ஜலதோஷம்கூட இல்லையே… டேய், நேராவே கேக்கறேன். அந்தம்மா முழுகாம இருக்காளா?… கேட்டதுக்குப் பதில் சொல்லு… எத்தனை மாசம்?… மூணு. ம்… ம்… எவ்வளவு சாப்பிடறா?… ஒரு நாளைக்கு ரெண்டு டின்னா?… எத்தனை நாளா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தேவையில்லாத கேள்விகளைச் சற்று நேரம் தள்ளி வைத்தாள். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும்போது அவளுக்கு அது கைவந்த பழக்கம்.

"இருபது நாளா… வேற எதுவும் வயித்துல தங்கலையா? தண்ணிகூடவா?… இப்ப தங்குது. சரி. டாக்டர்கிட்ட இதைச் சொன்னாங்களா?… சொல்லலை. நல்லா இருக்கு. இங்க பாரு, எல்லா டூனாவும் ஒண்ணு இல்லை. பெரிய மீனு வேற, சின்ன மீனு வேற. டின்ல என்ன ரகம்னு போட்டிருக்கும், அதைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். ராத்திரி அவர்கிட்ட கேட்டு… என்னது? கையிலேயே இருக்கா?"

கூட வேலை செய்பவர் வீட்டு டின் தம்பி கையில் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"படி… மேல இருக்கறது கம்பெனிப் பேருடா. கீழ, பொடி எழுத்துல… தெரியலைன்னா வெளிச்சத்துல பிடி."

டின்னை மேஜையில் நகர்த்துகிற ஓசை. காலடி. பிறகு அந்தப் பொடி எழுத்துகளை ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிப்பது கேட்டது. வாசித்தது தம்பி இல்லை. ஒரு பெண். கொஞ்சம் கரகரத்த குரல்.

அந்தக் குரலை மருந்தக்கா ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் நிலையத்தில். சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற பெண். நாள் பூராவும் ஆவியில் நின்று தொண்டை அப்படி ஆகிவிட்டதாகத் தம்பி சொன்னான். அவனைவிட ஐந்து வயது மூத்தவள். ஒரு கல்யாணம் ஆகி முறிந்தவள். அக்காவுக்குக் காட்டத்தான் அழைத்து வந்திருந்தான். மருந்தக்கா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நாலு பேர் காதில் விழும்படியே, உனக்கு ஒரு வாழ்க்கை வீணாய்ப் போனது போதாதா, இவனையும் இழுக்கிறாயே என்று கேட்டாள். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு புறப்படப் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அடுத்த மாதமே தம்பி எல்லாம் முடிந்துவிட்டது என்றான். மருந்தக்காவும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள். ஊரையே சந்தேகப்படுகிறவள், தனக்கு வேண்டிய பதில் கிடைத்ததும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

"போனை அவகிட்ட கொடு… எவகிட்டன்னு என்னையா கேக்கறே? இப்ப வாசிச்சாளே, அவகிட்ட… நான் கத்தலைடா… எப்ப நடந்தது?… ம்… ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. சாட்சிக் கையெழுத்து யாரு?… கூட வேலை செய்யற ரெண்டு பேரு. ஆக, அவங்க நிஜமாவே இருக்காங்க. எட்டு மாசம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசியிருக்கே. சாப்பிட்டியான்னா மெஸ்ஸுல சாப்பிட்டேன்னே… ஆமா… ஆமா, பேசினேன். நான் பேசினது எனக்கு மறக்கலை… அப்புறம் ஏன்டா எனக்குப் போன் பண்ணே? உன் ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான், யாரையாவது கேக்க வேண்டியதுதானே?"

பதில் சின்னதாகத்தான் வந்தது. மருந்தக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இருக்கேன்… கேட்டுது… வேற யாரு சொன்னாலும் நம்பிக்கை வராதுன்னா, எட்டு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே… சரி விடு. காலையிலேர்ந்து அழுதுட்டு இருக்காளா? கொடுடா அவகிட்ட."

மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். உட்காரும்படி அவள் கையைக் காட்டினாள்.

"ஹலோ… கேக்குதும்மா. நீ முதல்ல உக்காரு… உக்காந்துட்டியா? நான் சொல்றதைக் கேளு. நீ வாசிச்சது சின்னச் சூரை. பெரிசு இல்லை. அது வரைக்கும் நல்லது… இல்லை, மீன் கெடுதல் இல்லை. பிள்ளைக்கு மீன் வேணும். தினம் ரெண்டு டின் வேணாம், அவ்வளவுதான். இன்னியோட அதை நிறுத்து. திரும்ப எப்ப ஆரம்பிக்கலாம், எவ்வளவுன்னு உன் டாக்டர் சொல்லட்டும். வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல அவங்களும் சொல்ல மாட்டாங்க… நடுவுல நெத்திலி, மத்தி மாதிரி பொடி மீனு சாப்பிடு, நல்லா வெந்திருக்கணும். முட்டையைக் கெட்டியா வேகவெச்சு ஆற வெச்சுச் சாப்பிடு. சூட்டுல வர்ற வாடைதான் குமட்டும்… ம்… ம்… என்னம்மா?"

கவுன்டரில் இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ பேருக்கு 'ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்போது அது வாயில் வரவில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதேன்னு கேக்கறே. போன்ல அதை யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. இருபது நாளு, சின்ன ரகம், பெரிசா பயப்பட வேண்டாம்னு எனக்குத் தோணுது. ஆனா நாளைக்கே டாக்டர்கிட்ட போய் எத்தனை டின்னுன்னு உள்ளபடி சொல்லு. வேணும்னா ரத்தத்துல பார்ப்பாங்க. குறைச்சுச் சொல்லாதே… அவங்க திட்டினா திட்டட்டும்."

பெரியவர் சீட்டால் விசிறிக்கொண்டார். மருந்தக்கா ஒரு மாத்திரைப் பெட்டியைக் கிழித்து, உள்பக்கம் தெரியும்படி விரித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வரேன். உங்க அட்ரஸ் சொல்லு, எழுதிக்கறேன்… ஹலோ?… இருக்கியா?… எதுக்குன்னா, பார்க்கத்தான்… இல்லைம்மா, தனியாத்தான் வருவேன். அப்பாவுக்குத் தெரியாது… யாரையும் கூட்டிட்டு வரலை… சண்டைக்கும் இல்லை."

அதன் பின் வந்த மௌனத்தை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா என்று எடை போடுகிற மௌனம். இத்தனை நேரம் அது அவளிடம் இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போய்விட்டது. போகக் கூடாது என்று சொல்ல அவளுக்கு வாயில்லை.

"நீ என்னை நம்ப வேணாம். நான் உன் இடத்துல இருந்தா நானும் அட்ரஸ் சொல்ல மாட்டேன்… அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நான் பேசினது தப்பு. அதை உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும், அதுக்குத்தான் வரணும்னேன். நீ வேணாம்னா வரலை. ஆனா மூணு நாள் கழிச்சு, சாப்பாடு தங்குதான்னு மட்டும் இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணு. அது போதும்… ம்… இல்லை, அழலை. கடையில ஏசி."

கடையில் ஏசி கிடையாது. பெரியவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஹலோ… ஹலோ?… ஆங், சொல்லு… மெதுவா… தண்ணித் தொட்டிக்கு எதிர்ச் சந்து… மூணாவது கட்டடம்… ம்… நாலாவது மாடி… லிஃப்ட் இல்லையா? லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை. சரி… மாடி ஏறி வலது பக்கம்… ஹலோ?…"

இணைப்பு அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்களா, தானாகப் போயிற்றா என்று தெரியவில்லை. வீட்டு எண் இன்னும் வரவில்லை. மருந்தக்கா ரிசீவரை வைத்துவிட்டுப் பெரியவரின் சீட்டை வாங்கினாள். இரண்டு மாத்திரைகளை எடுத்து வைத்தாள். மூன்றாவதைத் தேடும்போது மேஜைமேல் அவள் செல்போன் ஒரு முறை அதிர்ந்தது. அறிமுகமில்லாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். பேர் இல்லை, பேச்சு இல்லை. வீட்டு எண் மட்டும் வந்திருந்தது.