இடது கால் அக்கரையில், வலது கால் இக்கரையில்

பாலத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! கொலம்பியாவிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்து ஒரே பந்தலின் நிழலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பசை காயாத விரல்களோடு பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே! காலணி தைக்கும் மிலெய்டியின் வணக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சுங்கவரியையும் தடையற்ற வணிகத்தையும் பற்றி ஏட்டில் படித்ததில்லை. ஆனால் ஒரு பாலத்தை மூடினால் என்ன ஆகும் என்பதைப் பதினான்கு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நம் காலணிக்குத் தோல் எங்கிருந்து வருகிறது? அக்கரையில், வெனிசுவேலாச் சமவெளியில் மேயும் மாடுகளிடமிருந்து. தைப்பது யார்? நாங்கள். அணிவது யார்? மறுபடியும் அக்கரையார். தோலாக ஆற்றைத் தாண்டி வந்தது காலணியாகத் தாண்டிப் போகும். இதுதானே நம் வழி? இதுதானே நம் வளம்?

நம் வழக்கமும் உங்களுக்குத் தெரியும். மலைச் சாலையில் லாரியை மறிப்பவர்களுக்குப் பயந்து, இடது காலணிகளை ஒரு நாள் அனுப்புவோம், வலது காலணிகளை மறுநாள் அனுப்புவோம். ஒற்றைக் காலணியை எந்தத் திருடன் தொடுவான்? சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை நானூறு இடது காலணிகள் பாலத்தைக் கடந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் பாலத்தின் குறுக்கே லாரி அளவு இரும்புச் சரக்குப் பெட்டிகள் நின்றன. அரசும் அரசும் மோதிக்கொண்டன. இடது கால் அக்கரையில் நின்றது, வலது கால் இக்கரையில் நின்றது!

எங்கள் பட்டறை முதலாளியம்மா டோன்யா ஓடிலியா சும்மா இருக்கவில்லை. தொலைவிலிருந்து மூன்று மடங்கு விலைக்குத் தோல் வாங்கினார். புதிதாக இடது காலணி தைத்தோம். ஒரு கால் காப்பி நிறம், மறு கால் செங்கல் நிறம். போதாக்குறைக்கு நடந்தால் தவளை போலக் கத்தியது. ஒரு ஜோடிகூட விற்கவில்லை. பதினொரு பெண்கள் வேலை செய்த பட்டறையில் நால்வர் மிஞ்சினோம். என்னை இங்கே விட்டுவிட்டு பெரு நாட்டின் லிமாவுக்கு வீட்டு வேலைக்குப் போக என் அம்மா பஸ் டிக்கெட் வாங்கினார்.

வயிறு மட்டுமா காய்ந்தது? மனமும் காய்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கல் வந்தது, இந்தப் பக்கமிருந்தும் கல் போனது. டோன்யா ஓடிலியாவும் அக்கரையில் நம் சரக்கை விற்கும் தோழி யூலிமாரும் முன்பெல்லாம் போனில் குதிகாலின் உயரத்துக்காகச் சண்டை போடுவார்கள். அது வாழவைக்கும் சண்டை. பாலம் மூடிய பிறகு "உன் அரசா, என் அரசா" என்று சண்டை போட்டார்கள். அதோடு பேச்சே நின்றது.

டோன்யா, இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவர் தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வலது காலணி மூட்டைகளின் முன்னால் நின்றார். வெட்டினால் பர்ஸாவது தைக்கலாம் என்பது அவர் கணக்கு. "அவ இந்நேரம் இடது காலையெல்லாம் நறுக்கி வித்திருப்பா. நான் மட்டும் ஏன் காவல் காக்கணும்?" என்றார்.

நான் என் போனை எடுத்தேன். யூலிமாரின் எண்ணை அழுத்திப் போனை அவரிடம் நீட்டினேன்.

"ஏன்டி, இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?" என்றது அக்கரைக் குரல். "நானூறும் பத்திரமா இருக்கு. உள்ள காகிதம் அடைச்சு, தினமும் எலி விரட்டிக்கிட்டு இருக்கேன். நீ என்ன பண்ற?"

டோன்யா ஓடிலியா கத்தியை மெதுவாகப் பின்னால் மறைத்தார்.

"நானா? மெருகு போட்டுக்கிட்டு இருக்கேன்."

கை தட்டுங்கள், தட்டுங்கள். அவரும் சிரிக்கிறார்!

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இரண்டு கரையிலும் ஒரே மனு, ஒரே வாசகம், ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான கையெழுத்து. என் அம்மா பயணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார். அரசுகள் இறங்கி வந்தன. பாலம் திறந்தது. இங்கே செய்ததற்கு அங்கே வரியில்லை, அங்கே விளைந்ததற்கு இங்கே வரியில்லை என்று ஒப்பந்தமும் ஆனது.

மூன்றாம் வரிசையில் சோல் செய்யும் டோன் காசிமிரோ எழுந்து நிற்கிறார். "அவங்க சோல் மலிவா வந்தா என் கடை என்னம்மா ஆகும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, ஐயா. முழுப் பதில் எனக்குத் தெரியாது. நஷ்டப்படுகிறவரைக் கைவிட மாட்டோம் என்று தலைவர் இதே மேடையில் சொல்ல வேண்டும். ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். பாலம் மூடிக் கிடந்தபோது எத்தனை ஜோடி சோல் விற்றீர்கள்? கையை விரிக்கிறார், பாருங்கள். திறந்த வழியில் போட்டி வரும். மூடிய வழியில் என்ன வரும்? கல்தான் வரும்!

இன்று காலை முதல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு யூலிமார் பாலத்தில் நடந்து வந்தார். டோன்யா ஓடிலியாவுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எங்கடி என் வலது காலெல்லாம்?" என்றார். இருவரும் கட்டிப்பிடித்து அழுததை நான் சொல்லப்போவதில்லை. பாலத்தின் நடுவில் எல்லாவற்றையும் பரப்பி, உள்ளே பென்சிலால் எழுதிய எண்ணைப் பார்த்து ஜோடி சேர்த்தோம். நானூறும் சேர்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை!

இருநூற்றுப் பதினெட்டாம் ஜோடியை யூலிமார் என் அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். பதினான்கு மாதம் இரண்டு நாடுகளில் கிடந்த இரண்டு காலணிகளும் இப்போது ஒரே பெண்ணின் பாதங்களில் இருக்கின்றன. ஜோடி சற்றுப் பெரிது. வலது காலின் நுனியில் ஒரு காகிதத்தை மடித்துத் திணித்திருக்கிறோம்.

அது லிமாவுக்குப் போகும் பஸ் டிக்கெட்.

பேச வைத்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட இரு கரைக்கும் என் நன்றி. வாருங்கள், பாலத்தில் நடப்போம். வணக்கம்.