நாலாம் நம்பர் பைபர்

அரவிந்தன்: ...இல்லிங்க பரிமளா, நாலாம் நம்பர் பைபர் மட்டும் ஸ்க்ரீன்ல வரவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் சூட்டைக் காட்டுது.

பரிமளா: காலையில காட்டுச்சே சார்! டிரான்ஸ்பார்மர் காயிலுக்குள்ள சொருவுறதுக்கு முன்னாடி கையில வெச்சுப் பார்த்தேன். என் உள்ளங்கைச் சூட்டுக்கே ஏறுச்சு...

அங்கமுத்து: சார், கிரேன் கொக்கிய மாட்டியாச்சு. காயிலைத் தூக்கி டேங்குல இறக்கிடவா?

அரவிந்தன்: இருங்கண்ணே.

அங்கமுத்து: மேனேஜர் கத்துறாரு சார். டிரான்ஸ்பார்மரைப் பார்க்க அரியலூர் சிமெண்ட் பேக்டரிக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க.

பரிமளா: ஒண்ணுதானே, விட்டுடுன்னுவாரு...

அரவிந்தன்: சொல்லட்டும். ரொம்ப சூடேறுற இடமே அதுதான். டேங்கை மூடி ஆயில் ஊத்திட்டா அப்புறம் யாரு கை உள்ள போவும்? உள்ள கருகுனாலும் வெளிய தெரியாது. அண்ணே, நான்தான் நிறுத்துனேன்னு சொல்லிடுங்க.

அங்கமுத்து: திட்டு உங்களுக்குத்தான்... சொல்லிட்டு வரேன்.

பரிமளா: டார்ச்சை இப்படிப் புடிங்க. ஆ, இங்க பாருங்க! நான் கட்டுன டேப்புதான். இறுகி, பைபர் மடங்கிக் கெடக்கு. கண்ணாடி இழை மடங்குனா உள்ள வெளிச்சம் போயி சூட்டை எப்படிக் காட்டும்?

அரவிந்தன்: உடைஞ்சிருச்சா?

பரிமளா: பேசாதீங்க... டேப்பை மட்டும் வெட்டணும். தலைமுடியாட்டம் இருக்கு. கத்தரி பட்டுச்சுன்னா காயிலையே பிரிக்கணும்... மூச்சாவது விடுங்க சார்!

அரவிந்தன்: நீங்கதானே பேசாதீங்கன்னீங்க...

பரிமளா: ம்... டேப்பு விட்டுருச்சு. லேசா வளைச்சு, தளர்வா கட்டுறேன். இப்பப் பாருங்க.

அரவிந்தன்: இல்ல... இருங்க... வந்துருச்சு! முப்பத்திரெண்டு டிகிரி! அங்கமுத்தண்ணே, தூக்குங்க!

பரிமளா: அப்பாடா! வேர்த்துக் கொட்டிருச்சு. உங்களுக்குந்தான்.

அரவிந்தன்: எனக்கு இதனால மட்டும் இல்ல...

பரிமளா: பின்ன? ஆமா, ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வேணாம்னுட்டீங்களாமே?

அரவிந்தன்: ஒரு சொந்த வேலை. உடையார்பாளையம் வரைக்கும்.

பரிமளா: எங்க ஊருக்கா? என்ன வேலை?

அரவிந்தன்: அம்மா கூப்புட்டாங்க. யாரையோ பார்க்கணுமாம்...

பரிமளா: யாரையோவா?

அரவிந்தன்: பொண்ணு பார்க்க.

பரிமளா: ஓ! போட்டோ பார்த்தீங்களா? எப்படி இருக்கா?

அரவிந்தன்: ஒரு வாரமா செல்லுலதான் இருக்கு... உங்க போட்டோதாங்க. உங்க வூட்ல இன்னும் உங்ககிட்ட சொல்லலையோ, சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு பயம். ஒண்ணுதான் புரியல. ஒங்க ஊருத் தரகரு தா.பழூர்ல எங்க வூட்டை எப்படிக் கண்டுபுடிச்சாரு?

பரிமளா: பஸ் ஸ்டாண்டுலேருந்து எப்படிப் போவணும்னு வழி சொல்லி அனுப்புனதே நான்தாங்க.